மதகுக்கல்லில் தேய்த்த கோலமாவு

லோகநாயகிக்கு அருவருப்பு சீக்கிரம் வரும். அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்ப் உறுப்புகள் வார்க்கும் கம்பெனி ஒன்றில் பத்தொன்பது வருடமாகச் சோதனைப் பிரிவில் இருக்கிறாள். வார்ப்பைக் கையில் எடுத்து, பார்வையை வேறு எங்கோ வைத்துக்கொண்டு, விரல் நுனியை விளிம்போடு ஓட்டுவாள். கண்ணுக்குத் தப்பிய பிசிறு விரலுக்குத் தப்பாது. பிசிறு இருந்தால் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு. வாரத்தில் ஆறு நாள் சரியில்லாததையே தேடுகிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமையும் அதுதான் முதலில் கண்ணில் படும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் படம் எடுப்பாள். கணவன் திருவேங்கடம் ஆவடித் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர். அவன் பழைய ஆம்னி வேனை ஓட்டுவான். கல்லூரிக்குப் போகும் மகள் காவ்யா பின்சீட்டில் தூங்குவாள். எலுமிச்சை சாதமும் கேமராவுமாக விடியும்போதே கிளம்பிவிடுவார்கள். செம்பரம்பாக்கத்துக் கரை, பூந்தமல்லிப் பக்கத்துப் பழைய கோயில்கள், மனைக்கல் நடாமல் மிச்சமிருக்கும் ஏதாவது ஒரு வயல். கேமரா யாரோ விற்றது. சொல்லிக்கொடுக்க ஆளில்லை. எந்த வெயிலில் கல் எப்படித் தெரியும் என்பதைக் கெட்டுப்போன படங்களிலிருந்து தெரிந்துகொண்டாள். பழைய எழுத்தும் அப்படித்தான். கல்வெட்டு ஆர்வலர்களின் வாட்ஸப் குழுவில் யாராவது படித்துச் சொன்னதைத் தன் படத்தோடு வைத்து, ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டு, மூன்று வருடத்தில் தட்டுத்தடுமாறிப் படிக்க வந்தது.

அவள் படங்களில் அழகு குறைவு. ஏரிக்கரையில் கோழிக்கழிவு மூட்டை கிடந்தால் அது படத்தில் இருக்கும்.

"அந்த மூட்டைய உட்டுட்டு எடேன், லோகு" என்பான் திருவேங்கடம்.

"ஏன், அது ஏரியில இல்லியா?"

"கீது. நாத்தம் போட்டோவுலயே வருது."

குழுவில் சிலர் மனைவியின் இடுப்பில் பித்தளைக் குடத்தை ஏற்றி, வரப்பில் நடக்கவிட்டு, 'கிராமத்துக் காலை' என்று போடுவார்கள். குடம் காலி என்பது அதைப் பிடித்திருக்கும் விதத்திலேயே தெரியும். அவற்றைப் பார்த்தால் லோகநாயகிக்கு வாய் கசக்கும். கோயில் மதிலில் பெயர் கீறி வைத்திருப்பவர்களையும் அவளுக்குப் பிடிக்காது. இடம் சுத்தமாக இருந்தது, நானும் சுத்தமாக விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்ல முடியாதவர்கள் வீட்டிலேயே இருக்கலாம் என்பாள்.

போன பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, வெள்ளானூரைத் தாண்டி ஒரு சின்ன ஏரியில் அந்தக் கல்லைக் கண்டாள். இடிந்த மதகின் பக்கத்தில் பாதி சேற்றில் புதைந்து நின்றது. மேலே ஏழு வரி எழுத்து. யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

காலை வெயில் பக்கவாட்டில் விழுந்தால் எழுத்து தானாக எழுந்து நிற்கும். அன்று மேகம். இன்னொரு நாள் வருவதுதான் முறை. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் காவ்யா பசி என்று வண்டியிலிருந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாள். வண்டியில், குமணன்சாவடியில் வாங்கிய கோலமாவுப் பொட்டலம் இருந்தது. ஒரு பிடி எடுத்துக் கல்லில் தேய்த்து, மேலாக நின்றதைத் துணியால் தட்டினாள். பள்ளங்களில் மட்டும் வெள்ளை தங்கியது. படம் பளிச்சென்று வந்தது. தண்ணீர் எடுக்கச் சேற்றில் இறங்க வேண்டும். கழுவாமல் வந்துவிட்டாள்.

வீட்டில் உட்கார்ந்து இரண்டு வாரம் படித்தாள். அரசன் பெயர் சிதைந்திருந்தது. ஆண்டு இருந்தது, ஏரியின் பெயர் இருந்தது. 'இந்த மதகைச் செய்வித்தது' என்று தொடங்கிய ஏழாம் வரி அதோடு முடிந்தது. செய்வித்தவர் பெயர் சேற்றுக்குள்.

அந்தப் பெயர் அவளை விடவில்லை. ஏரியில் மூட்டை போடுகிறவனுக்குக்கூடக் கடை வாசலில் பெயர்ப்பலகை இருக்கிறது. எண்ணூறு, தொள்ளாயிரம் வருடத்துக்கு முன் இந்தத் தண்ணீருக்கு ஒரு நல்லது செய்த ஆளின் பெயர் ஒரு முழத்துக்குக் கீழே இருந்தும் யாருக்கும் தெரியாது. தண்ணீர் வற்றட்டும், தோண்டிப் பார்க்கலாம் என்று மே மாதம் வரை காத்திருந்தாள்.

மே மாதம் போனபோது ஏரிக்கரையில் ஷாமியானா போட்டிருந்தது. ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு. டைல்ஸ் அட்டைப்பெட்டிகள், சிமெண்ட் மூட்டை, நான்கடிப் பள்ளம். பள்ளத்தின் ஓரத்தில், செங்கல் மேல், அந்தக் கல் மல்லாந்து கிடந்தது. மேல்பாதி முழுக்க மஞ்சள் எனாமல். எழுத்துப் பள்ளங்களைப் பட்டி போட்டு நிரவியிருந்தார்கள், முகம் மழமழவென்று வர வேண்டுமாம். கீழ்ப்பாதி காய்ந்த சேறோடு அப்படியே இருந்தது.

"இன்னா பாத்துகினு கீற? செருப்ப அங்க உட்டுட்டு வா" என்றாள் ஒரு பெண். நாற்பத்தைந்து வயதிருக்கும். பெயர் நாகம்மாள், கோயில் வேலையெல்லாம் அவள் பொறுப்பு. "மதகாத்தா படுத்துகினு கீறா."

"எப்பருந்து மதகாத்தா?"

"பொங்கலுக்கு மின்னாடி திங்கக்கெயம, ஆடு ஓட்டிகினு வந்தேன். சனிக்கெயம வரைக்கும் வெறுங் கல்லு. அன்னிக்கி ஒடம்பு பூரா துன்னூறு. ஒருத்தரும் வெக்கல. தானா வந்துச்சி."

காவ்யா அம்மாவின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள். "அம்மா, அது நம்ம கோலமாவு."

"சும்மா இரு" என்றான் திருவேங்கடம். "வண்டிய எடுக்கறேன். போயிடலாம்."

போயிருக்கலாம். ஆனால் கொத்தனார் லட்சுமணன் கலவையைக் குழைத்துக்கொண்டிருந்தான். கல்லை இறக்கிக் கலவை போட்டுவிட்டால் கீழ்ப்பாதி வெளிச்சம் பார்க்கப்போவதில்லை. உண்மையைச் சொன்னால் நிறுத்துவார்கள் என்று லோகநாயகி நினைத்தாள்.

"அது திருநீறு இல்ல. கோலமாவு. போட்டோ எடுக்க நான்தான் தேச்சேன். கழுவாம போயிட்டேன். தப்பு என்னுது."

மண்வெட்டி நின்றது. நாகம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீயா?"

"நான்தான்."

"எத்தினி பேரு இந்தப் பக்கம் போறான், குடிக்கறான், பாட்டில் ஒடைக்கறான். எவனுக்காவது இந்தக் கல்லு கண்ணுல பட்டுச்சா? உனக்கு மட்டும் ஏன் பட்டுச்சி? வண்டியில கோலமாவு ஏன் இருந்துச்சி? நீயா வாங்கின? அவ வாங்க வெச்சிருக்கா!" லோகநாயகியின் கழுத்தில் போட ஏற்கெனவே ஒரு மாலை வந்துகொண்டிருந்தது. "டேய் லட்சுமணா, இந்தம்மா கையாலதான் மொத கலவ!"

"நல்லா மாட்டிக்கின" என்றான் திருவேங்கடம், பல்லைக் கடித்துக்கொண்டு.

சாமந்தியின் ஈர வாடை மூக்கில் ஏற, லோகநாயகி கெஞ்சினாள். கீழ்ப்பாதியைக் கழுவி ஒரே ஒரு படம். ஒரு நிமிஷம் போதும்.

"கண்ணு தொறக்கறதுக்கு மின்ன போட்டோவா? ஆவாது. ஊருக்கே ஆவாது." நாகம்மாள் கேமராவைத் தன் முந்தானையால் மூடினாள். "மஞ்சத் தண்ணி ஊத்தலாம். கையால தொடச்சி உடலாம். அது உன் பாக்கியம்."

லோகநாயகி மண்டியிட்டாள். சொம்பு சொம்பாக ஊற்றினாள். சேறு கரைந்து மஞ்சளாக ஓடியது. உச்சி வெயிலில் நிழலே இல்லை, எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை. பார்வையை ஷாமியானா பக்கம் திருப்பிக்கொண்டு, கம்பெனியில் செய்வது போல விரலை ஓட்டினாள்.

"காவ்யா, எழுது. ம."

காவ்யா போனில் தட்டினாள். எட்டாம் வரியின் முன்பாதியில் எனாமலும் பட்டியும் வழிந்து இறுகியிருந்தன. லோகநாயகி நகத்தால் பெயர்த்தாள்.

"யக்கா, யக்கா, கீறாத! நேத்துதான் பட்டி போட்டேன்" என்றான் லட்சுமணன்.

"மகள்" என்றாள் லோகநாயகி. வரி அங்கே முடிந்தது. அப்பன் பெயர் பட்டிக்குள். விரல் அடுத்த வரிக்கு இறங்கியது. "ந. அடுத்து ங."

பின்னால் யாரோ குலவை போட்டார்கள். அவள் மந்திரம் சொல்கிறாள் என்று இரண்டு பெண்கள் கைகூப்பினார்கள்.

மூன்றாம் எழுத்துக்கு நகர்த்திய விரலில் கூராக ஏதோ குத்தியது. குனிந்து பார்த்தாள். கடப்பாரை போட்டு நெம்பிய இடம். ஓர் உள்ளங்கை அகலத்துக்குக் கல் பெயர்ந்து, உள்ளே வெள்ளையாக, புதிதாக இருந்தது. அதற்குக் கீழே இருந்த இரண்டு வரியைத் தொடும்போதே தெரிந்துவிட்டது. இந்தத் தர்மத்தைக் காப்பவர் பாதம் என் தலை மேல் என்று எல்லாக் கல்லிலும் வருகிற வாசகம்.

"பெயர்ந்தது எங்க? அந்தத் துண்டு எங்க?"

"அது சல்லியோட போயிருக்கும்" என்றான் லட்சுமணன், பள்ளத்தைக் காட்டி.

லட்சுமணன் நீட்டிய கொத்துக்கரண்டியை அவள் வாங்கவில்லை. நாகம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்து, கரண்டியைச் செருகி, தானே சாய்த்தாள். கலவை பள்ளத்தில் தொப்பென்று விழுந்தது. எல்லோரும் கும்பிட்டார்கள்.

திரும்பும்போது திருவேங்கடம், "மதகாத்தாவுக்குக் காத்து வருதா? ஜன்னல எறக்கவா?" என்றான். காவ்யா சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். பட்டாபிராம் ரயில்வே கேட்டில் நின்றபோது அவளே, "ஒரு பொண்ணாம்மா கட்டினா?" என்று கேட்டாள்.

"ஆமா. யாரோ ஒருத்தரோட பொண்ணு."

"ந, ங. நங்கைன்னு வெச்சுக்கலாமா?"

"வெச்சுக்கக் கூடாது. தெரியலன்னுதான் எழுதணும்."

வீட்டில் நகத்திலிருந்த எனாமலை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாள். பிறகு ஏழு வரிப் படத்தைக் குழுவில் போட்டு, கீழே முழுவதும் எழுதினாள். கோலமாவு தேய்த்தது தானென்று, கழுவாமல் விட்டது தானென்று, அதனால்தான் கல் கோயிலானது, பெயர் போனது என்று. செய்வித்தவர்: ஒருவருடைய மகள், முதல் இரண்டு எழுத்து ந, ங, மீதி அழிந்தது. யாரும் இனி எந்தக் கல்லிலும் மாவோ சுண்ணாம்போ தேய்க்காதீர்கள்.

திட்டுவார்கள் என்று போனைக் கையிலேயே வைத்திருந்தாள். முப்பத்தோரு பேர் கைகூப்பிய பொம்மை போட்டிருந்தார்கள். பித்தளைக் குடப் படம் போடுகிறவர்களில் ஒருவர் மட்டும் எழுதியிருந்தார்: 'அருமை மேடம். ஃபேமிலியோட ஒரு நாள் போகலாம்னு இருக்கோம். லொகேஷன் ப்ளீஸ்.'

அவள் அனுப்பவில்லை.