பஜனை வேன் பேட்டரிக்கு ஊற்றிய தண்ணீர்

இதை எழுத உட்கார்ந்து, எழுதாமலே எழுந்து போன நாட்கள் எத்தனையோ. பெருமாள் விஷயத்தில் கேலி பேசுகிறான் என்று நாலு பேர் சொல்வார்களே என்ற பயம். நெற்றியில் நாமம் இட்டுக்கொள்ளாமல் இன்றும் நான் காபி குடிப்பதில்லை. என் கேலியெல்லாம் ஒரு பேட்டரியைப் பற்றியது. அதன் சொந்தக்காரரையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம்.

அறுபதுகளின் கடைசி. நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில், பூமிக்கடியில் நான் வேலை செய்த லெவலில் ஒரு நாள் பாறை வெடித்தது. கேஜ் கூண்டில் என்னை மேலே கொண்டு வரும்வரை ஷாஃப்ட் குழியின் வாசலில் நின்ற என் மனைவி வேண்டிக்கொண்டாள். பஜனை கோஷ்டியோடு திருமலைக்கு வந்து முடி கொடுக்கிறேன், அதுவரை ஒரு வேளைதான் சாப்பாடு என்று. நான் பிழைத்தேன். பஸ் ஏறிப் போய் வந்திருக்கலாம். ஆனால் 'கோஷ்டியோடு' என்று வாயில் வந்துவிட்டதே! அதை மாற்ற மாட்டேன் என்றாள்.

கோஷ்டித் தலைவர் பஜாரில் மளிகைக்கடை முதலாளி. யாத்திரைக்கென்றே பழைய வேன் ஒன்றை வாங்கியிருந்தார். உள்ளே படுக்கப் பலகை, ஸ்டவ் வைக்க மேடை, குடம் சாயாமலிருக்க இரும்பு வளையம். "இனிமே சத்திரம் தேட வாணாம், வேனே நமக்கு வீடு" என்றார். வீடுதான். இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

முதல் யாத்திரை அன்று விடியலில் ஜால்ரா, மிருதங்கம், புளியோதரைத் தூக்கு எல்லாம் ஏறியாயிற்று. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கோவிந்தா போட்டுக்கொண்டு பஜார் முழுக்கத் தள்ளினோம். என்ஜின் இருமியதோடு சரி.

ராபர்ட்சன்பேட்டையில் பேட்டரிக்குச் சார்ஜ் போடும் கடைக்காரர் மூடியைத் திறந்து பார்த்தார்.

"தண்ணி வத்திக்கீது மொதலாளி. அப்பப்போ நல்ல சுத்தமான தண்ணியா ஊத்திக்கினு வாங்க. கொழாத் தண்ணி மட்டும் வாணாம்."

"சுத்தத்தப் பத்தி எனக்கா சொல்ற?" என்று சிரித்தார் தலைவர்.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. சார்ஜ் போட்டுக் கொண்டுவந்து மாட்டினால் சாயங்காலம் வேன் உறுமும். விடிந்தால் மூச்சு இருக்காது. ஒயரை மாற்றினோம். உள்ளே எரியும் பல்பைக் கழற்றினோம். ஹாரன் கம்பியைப் பிடுங்கினோம். பூசணிக்காய் உடைத்தோம். எலுமிச்சம்பழம் நசுக்கி நசுக்கி, நாலு டயரிலும் ஊறுகாய் வாசனை. பேட்டரிக்கு மட்டும் எதுவும் உறைக்கவில்லை. யாத்திரை தள்ளிக்கொண்டே போக, என் மனைவியின் வளையல்கள் முழங்கைவரை ஏறின.

ஒரு சனிக்கிழமை பஜனையில் எல்லோருக்கும் முன்னால் தலைவர் சொன்னார்: "வெரதம் இருக்கறவங்க ஆசாரமா இருந்தா வண்டி இன்னாத்துக்கு நிக்குது?" பார்வை என் மனைவி மேலே இருந்தது.

அவள் வீட்டுக்கு வந்து அந்த ஒரு வேளைச் சோற்றையும் விட்டாள். பாலும் தீர்த்தமும் மட்டும்.

"பேட்டரி செத்ததுக்கு நீ இன்னாத்துக்குப் பட்டினி கெடக்கற?" என்று கத்தினேன்.

"உங்களுக்காக வேண்டிக்கினது. நடுவுல வராதீங்க."

மறுபடி நாள் குறித்த யாத்திரைக்கு முந்தின சாயங்காலம் பெண்கள் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பானெட்டைத் திறந்துவைத்துத் தலைவர் பயபக்தியோடு பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போன என் மனைவி நின்றுவிட்டாள்.

"அண்ணா, இன்னா ஊத்தறீங்க? பச்சைக் கற்பூர வாசனை வருது."

"சுத்தமான தண்ணிம்மா. கடைக்காரன் சொன்னான் இல்ல? பெருமாள் தீர்த்தம், செம்புச் சொம்புல வெச்சது. இத வுட சுத்தம் ஒலகத்துல இன்னா கீது?"

நான் எட்டிப் பார்த்தேன். ஓட்டைக்குள் ஒரு துளசி இலை மிதந்தது.

என் மனைவி மட்கார்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நிற்கவே பலமில்லாத உடம்பு, அப்படிச் சிரித்தது.

"தீர்த்தம் குடிச்சு வெரதம் இருக்கறது நானு. பேட்டரியையும் இன்னாத்துக்கண்ணா வெரதம் இருக்க வெச்சீங்க?"

பேட்டரியைக் கழற்றிக் கொண்டுபோய்க் காட்டியதும் சார்ஜ் கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "டிஸ்டில் வாட்டரைத்தான் சொன்னேன் மொதலாளி! செம்புத் தண்ணி பட்டா சார்ஜ் எப்டி நிக்கும்? இது செத்துப்போச்சு. வேற போடுங்க."

வேறு போட்டோம். விடியலில் ஒரே திருப்பில் வேன் கிளம்பியது. திருமலையில் முடி கொடுத்துவிட்டு, பெருமாளைச் சேவித்து, மொட்டைத் தலையோடு வேன் படியில் உட்கார்ந்து அவள் சாப்பிட்டாள். நான் பரிமாறினேன். போதும் என்று சொல்லவே இல்லை.

ஊர் திரும்பிய பிறகு தலைவர் பஜனையில் வேறு கதை சொன்னார். செத்த பேட்டரி தீர்த்த மகிமையால் உயிர் பெற்றதாம். பஜாரில் அது வளர்ந்து, பேட்டரியே இல்லாமல் திருப்பதி போய் வந்தோம் என்றாகிவிட்டது. அதைக் கேட்டு நானும் சிரித்தேன். ஆனால், அந்த அம்மா விரதத்தைச் சரிசெய்துகொண்ட பிறகுதான் வண்டி ஓடியது என்று என் காதுபடவே ஒருவர் சொன்னபோது சிரிக்க முடியவில்லை.

படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஒட்டும் வேண்டாம், வெட்டும் வேண்டாம். வண்டி தீர்த்தத்தால் நின்றது, வேறு பேட்டரியால் ஓடியது. அவள் விரதத்தில் எந்தக் குறையும் இருக்கவில்லை.