நானூற்றுப் பன்னிரண்டு கூடை

குடிதண்ணீர்ப் பம்பு ஓட்டுகிற வேலையில் பொத்தானை அமுக்குவது கால் பங்கு. மீதி முக்கால் பங்கும் சேற்றைப் பார்த்துக்கொண்டிருப்பது. குழாயைத் திறந்ததும் முதல் குடத்தை முற்றத்தில் கொட்டிவிட்டு இரண்டாவது குடத்தைப் பிடிக்கிற ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வருவது விளங்கும்.

இந்த மேட மாதம், அதாவது சித்திரையில், கிணற்றுச் சேறு வாரிய அன்று இருந்தவர்கள்: நான், குடிதண்ணீர்க் கமிட்டித் தலைவர், ஓய்வுபெற்ற வாத்தியார், கிணற்றில் இறங்கிய தங்கப்பனும் அவன் மைத்துனனும், வேடிக்கை பார்க்க வந்த, கிணற்றுக்கு மேலே உள்ள சரிவைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்து வாழை வைத்திருக்கும் ஜஸ்டின், பாறைமேட்டு லில்லி, கூடை கைமாற்ற வந்த பாறைமேட்டுப் பெண்கள் ஒன்பது பேர். ஆகப் பதினாறு பேர். தங்கப்பனின் நாயை நான் சேர்க்கவில்லை.

அன்று எல்லாருக்கும் ஒரே கவலை. கிணறு தோட்டின் கரையில் இருக்கிறது. தோடு என்றால் நெய்யாற்றில் போய்ச் சேரும் சின்ன ஓடை. தோட்டு வெள்ளம், அதாவது தண்ணீர், கிணற்றுக்குள் ஏற மேல்பக்கம் ஒரு வாய் உண்டு. அந்த வெள்ளத்தைத்தான் நான் பாறைமேட்டுத் தொட்டிக்கு ஏற்றுகிறேன். மேட்டில் முப்பத்தொரு வீடு. அங்கே எங்கே தோண்டினாலும் பாறை. வேறு வழி கிடையாது. மூன்று வருஷமாக ஒவ்வொரு மழைக்குப் பிறகும் உறிஞ்சுகுழாயின் முனை சேற்றில் புதைந்து பம்பு நின்றது. இன்னொரு தடவை புதைந்தால் இந்தக் கிணற்றைக் கைவிடுவது என்று மேலிடத்தில் முடிவு செய்துவிட்டார்கள்.

மூங்கில்

சேற்றை அளக்க என்னிடம் ஒரு மூங்கில் உண்டு. பதின்மூன்று கணு. கிணற்று விளிம்பிலிருந்து நேராக இறக்கினால், வாரி முடித்த புதிதில் பன்னிரண்டு கணு உள்ளே போகும். ஒன்பதுதான் போகிறது என்றால் சேறு குழாயின் முனையைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். சனிக்கிழமைதோறும் இறக்கிப் பார்த்து நோட்டில் எழுதுவேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து மெதுவாகத்தான் வரும், எண் தப்பாது.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு வாரத்திலேயே பதினொன்று பத்தானது. கமிட்டிக் கூட்டத்தில் சொல்லப் போனேன். நாலு பேர் முன்னால் எனக்குச் சத்தம் எழும்பாது. மூன்று தடவை சொன்னேன், ஒருவர் காதிலும் ஏறவில்லை. கடைசியில் வெளியே சாய்த்து வைத்திருந்த மூங்கிலை எடுத்து வந்து, சேறு படிந்த முனையோடு மேசைக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். தலைவர் சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: “அக்கா, அதை வெளியில வச்சிட்டு வாருங்க. இது நேத்து கழுவின தரையாக்கும்.”

ஏழு சீப்பு

ஜஸ்டினின் வாழை எண்ணூற்று நாற்பது மூடு. பம்புப் புரையின் வாசலில் நின்று எண்ணியிருக்கிறேன். எல்லாம் ஓணத்துக்கு வெட்டுகிற ஏத்தன், நேந்திரன் வாழை. அதற்கும் மேலே மரச்சீனிக் கிழங்கு. தண்ணீர் தேங்கக்கூடாதென்று வரப்பையெல்லாம் சரிவோடு சரிவாக, தோட்டைப் பார்த்தே இழுத்திருப்பான். வானம் கறுத்தால் ஜஸ்டின் வளச்சாக்கைப் பிரிப்பான்; வளம் என்றால் உரம். நாளை மழை என்றால் இன்றே வாழையின் அடிமூட்டில் வீசிவிட வேண்டும். அப்புறம் நனைக்கிற வேலை மிச்சம். அவன் மட்டுமில்லை, இங்கே எல்லாருடைய வழக்கமும் இதுதான். சாறல் பெய்தால் சரி. வைகாசிப் பாதியில் பிடிக்கிற இடவப்பாதி மழை அப்படிப் பெய்யாது. வாழைக்கு எட்டினது போக மீதி வளம் மேல்மண்ணோடு சேர்ந்து தோட்டுக்கு வந்துவிடும்.

மழை விட்டுப் பத்து நாளில் கிணறு பச்சையாகும். வளத்துக்கு வாழையென்றும் பாசியென்றும் பேதம் தெரியாது. தொட்டிச் சுவரில் பாசி வழுக்கும்; தேங்காய் நாரால் நான் தேய்த்த நாட்கள், மூங்கிலோடு கூட்டத்துக்குப் போன அந்த வருஷம் மட்டும் பத்தொன்பது. ஒரு நாள் தயங்கித் தயங்கி ஜஸ்டினிடமே கேட்டேன். “மழைய நானா பெய்ய வைக்கேன் அக்கா?” என்று சிரித்துவிட்டுப் போனான்.

அந்த வருஷம் சபையின் அறுப்புப் பண்டிகை ஏலத்தில் ஜஸ்டின் கொடுத்த குலைதான் பெரிது. ஏழு சீப்பு. ஏத்தனில் ஏழு சீப்பு நான் அதற்கு முன் கண்டதில்லை. இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க, எல்லாரும் கைதட்டினார்கள். என் பக்கத்தில் நின்ற லில்லி மட்டும் தட்டவில்லை. குனிந்து என் காதில் சொன்னாள்: “இன்னும் ரெண்டு சீப்புக்கு உள்ள வளம் நம்ம தொட்டியில கிடக்கு அக்கா.”

வெள்ளைத் துணி

எனக்கு ஒரு சட்டம் உண்டு. கண்ணாடிக் குப்பியில் கிணற்று வெள்ளம் பிடித்து, அதன் பின்னால் என் நோட்டை வைப்பேன். குப்பி வழியாக என் எழுத்தைப் படிக்க முடிந்தால் பம்பைப் போடுவேன். முடியாவிட்டால் யார் கூப்பிட்டாலும் போடமாட்டேன்.

போன ஐப்பசித் துலாமழையில் லில்லியின் வீட்டுக்காரர் இறந்துபோனார். இரண்டு நாளாக விடாத மழை. தோடு செங்கல் பொடி கரைத்ததுபோல் ஓடியது. குப்பிக்குப் பின்னால் எழுத்தும் தெரியவில்லை, நோட்டும் தெரியவில்லை. மேட்டிலிருந்து போன் வந்தது: தொட்டி காலி, குளிப்பாட்டக்கூட வெள்ளமில்லை. முதல் தடவையாகச் சட்டத்தை மீறினேன். ஒரு மணிநேரம் ஓட்டிவிட்டு மேட்டுக்கு ஏறிப் போனேன்.

முற்றத்தில் இரண்டு பேர் வேட்டியை நாலாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டி வெள்ளத்தை அரித்துக்கொண்டிருந்தார்கள். வேட்டி சிவந்தது, கீழே விழுந்த வெள்ளமும் சிவப்புத்தான். பெட்டியில் விரிக்க மடித்து வைத்திருந்த வெள்ளைத் துணியில் இரண்டு சொட்டுத் தெறித்தது. குடத்தைத் தூக்கினவன் ஊற்றாமல் நின்று என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். உள்ளேயிருந்து லில்லி வாசலுக்கு வந்தாள். அழுகை நின்ற முகம். குடத்துக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். பிறகு அவனிடம் சொன்னாள்: “உசுரோட இருந்தப்பக் குடிச்ச வெள்ளம்தான் மக்கா. ஊத்து.”

பச்சை சோப்புப் பெட்டி

இனி சேறு வாரிய நாளுக்கு வருகிறேன். முதல் வருஷம் நானூற்று ஐந்து கூடை, போன வருஷம் நானூற்று ஒன்பது, இந்த வருஷம் நானூற்றுப் பன்னிரண்டு. பத்துக் கூடைக்கு ஒரு குவியல். ஒரு கூடை பிசகாது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. குவியல் போடுவது எப்போதும் கிணற்றுக்கு மேல்பக்கக் கரையில். கீழ்ப்பக்கம் குளிக்கிற படி. அங்கே சேற்றைக் கொட்டினால் சண்டை வரும்.

முந்நூறு தாண்டியபோது கிணற்றிலிருந்து தங்கப்பன் கூப்பிட்டான். கையில் பச்சை நிற சோப்புப் பெட்டி. மூடி இல்லை, ஒரு மூலை தீயில் உருகியது. “அக்கா, இது போன வருஷமும் நான் எடுத்த பெட்டியாக்கும்” என்றான். அப்படியிருக்காது என்று நோட்டைப் புரட்டினேன். சேற்றில் கிடைத்ததையெல்லாம் எழுதி வைப்பேன். போன வருஷம்: பச்சை சோப்புப் பெட்டி, மூடியில்லை, மூலை உருகியது, ஒன்று. முந்தின வருஷமும் அதே வரி, என் கையெழுத்தில். பிரயோஜனமில்லாததைச் சேற்றோடு குவியலிலேயே வீசுவது எங்கள் வழக்கம். கிணற்று வாயின் கம்பிவலை இற்று உள்ளங்கை நுழையும் அளவுக்கு ஓட்டை.

கரையைப் பார்த்தேன். போன வருஷத்துக் குவியல்கள் இருந்த இடம் வெறுந்தரையாக இருந்தது. நாற்பது குவியல் எங்கே போயிற்று என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. மழை வந்து, கரையிலிருந்து வழித்து, அதே வாய் வழியாகக் கிணற்றுக்குள் கொண்டுபோய்விட்டது. சரிவிலிருந்து புதுமண்ணும் கூடவே வந்திருக்கும். பழையது எவ்வளவு, புதியது எவ்வளவு என்று என் நோட்டுக்குத் தெரியாது. அந்தச் சேற்றை மேல்பக்கத்தில் போடச் சொன்னது நான்தான். தங்கப்பன் பெட்டியைக் கழுவிக் கரையில் வைத்துவிட்டுச் சொன்னான்: “அப்போ மூணு வருஷமா நாம இந்தச் சேத்தை மேய்ச்சிருக்கோம் அக்கா. கோடையில வெளிய, மழையில உள்ள.”

வந்த இடத்துக்கு

எங்கே கொண்டுபோவது என்று தலைவர் சார் யோசித்துக்கொண்டிருந்தார். “வந்த இடத்துக்கே போட்டும்” என்றாள் லில்லி. எல்லாரும் ஜஸ்டினைத் திரும்பிப் பார்த்தோம். அவன் சிரித்தான். “கொள்ளாம், நல்லாருக்கு. என் மண்ணுண்ணு அதுல பேரு எழுதியிருக்கா?”

லில்லி குவியலுக்குள் கையை விட்டுத் துழாவினாள். வாழைக்கு ஊன்று கட்டுகிற நீலக் கயிறு, முழ நீளம், சேறு சொட்டச் சொட்ட வந்தது. இந்தத் தோட்டோரத்தில் வாழைக்கு ஊன்று கட்டுகிறவன் ஜஸ்டின் ஒருவன்தான். “பேரு இல்ல. கயிறு உண்டு” என்றாள். ஜஸ்டின் கயிற்றை வாங்கி விரலில் சுற்றினான், அவிழ்த்தான். பிறகு, “கொண்டு போடுங்க. சுமக்கதுக்கு என்னைக் கூப்பிடாதீங்க” என்றான்.

முப்பத்தொரு வீடும் முறை வைத்துக்கொண்டது: வீட்டுக்குப் பதின்மூன்று கூடை. லில்லியும் தன் பதின்மூன்றைச் சுமந்தாள். மரச்சீனி வரப்புக்குக் குறுக்கே, வெள்ளம் இறங்கும் வழியை மறித்து வரிசையாகப் போட்டோம். மூன்று நாளில் நானூற்று மூன்று கூடை மேலே ஏறியது. மீதி ஒன்பதும் என் பங்கு என்று சொல்லிவிட்டேன். எனக்கு இடுப்பு சரியில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் இரண்டாவது கூடையை மேலே கொட்டும்போது வானம் கறுத்துவிட்டது. வளச்சாக்கோடு வந்த ஜஸ்டின் என்னைப் பார்த்து நின்றான். சாக்கைப் பிரிக்கவில்லை. “ஓணம் கழிஞ்சு தோட்டோரத்து வரிசையில வாழை வைக்கமாட்டேன் அக்கா, புல்லு நிக்கட்டும். ரெண்டு வரிசைண்ணு மட்டும் கேக்காதீங்க.”

நான் கரைக்கு இறங்கி வருமுன் மழை பிடித்துவிட்டது. வருஷக்கணக்காகக் கூடையை எண்ணத் தெரிந்த எனக்கு அது போகிற வழியை எண்ணத் தெரிந்தது இந்த வருஷம்தான், அப்படியும் கரையில் மீதி ஏழு கூடை.