கை கீழே, பேச்சு மாடியில்

என் அக்கா பல்கலைக்கழகத்தில் இலக்கியத்தையும் சினிமாவையும் சேர்த்துப் படித்தாள். சேர்த்து என்பதெல்லாம் பாடத்திட்டத்தில் மட்டும்தான். இலக்கியத் துறை மாடியில், சினிமாத் துறை கீழே. இரண்டும் கீரியும் பாம்பும். மேலே அவளுக்குப் பெயர் 'படக்காரி', கீழே 'புத்தகப் புழு'. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று சொந்தக்காரர்கள் நக்கலடித்தார்கள். "ரெண்டும் என் கால்தானே, உங்களுக்கு என்ன வலி?" என்பாள் அக்கா.

கடைசி வருடம் ஒரு படமும் ஓர் எழுத்தும் கொடுத்தால்தான் பட்டம். எழுத்து மாடிக்குப் போகும், படம் கீழேயே நிற்கும். ஒரு துறை பார்த்ததை இன்னொரு துறை எட்டிக்கூடப் பார்க்காது. அதுதான் அங்கே வழக்கம்.

அக்கா இரண்டுக்கும் அம்மாவையே எடுத்துக்கொண்டாள். அம்மா ஓர் ஓட்டலின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்பு மடிக்கிறவள். வேலை நேரத்தில் வாய் திறக்கக்கூடாது, சூப்பர்வைசர் பாய்ந்துவிடுவார். நாளெல்லாம் விழுங்கியதை வீட்டுக்கு வந்து எங்களிடம் கொட்டுவாள். அதனால் படத்தில் சத்தமே இல்லாமல் அம்மாவின் கைகள். எழுத்தில் அம்மாவின் பேச்சு மட்டும்.

"வெறும் புலம்பலா இருக்கு, கதை எங்க?" என்று மாடியில் திருப்பிவிட்டார்கள். ஒலி பதிவாகவில்லை, சரிசெய்து கொண்டு வா என்று கீழே திருப்பிவிட்டார்கள். வேண்டுமென்றே விட்டது என்று ஒரு மேதாவிக்கும் தோன்றவில்லை.

அம்மா பயந்துபோனாள். "கொஞ்சம் வளைஞ்சு குடேன்டி. பட்டத்த வாங்கிட்டு அப்புறம் முறைச்சுக்கோ."

"மாத்த மாட்டேம்மா. போனா போகட்டும்."

அக்கா இரண்டு துறைத் தலைவர்களையும் மாடிப்படியில் மடக்கினாள். "எங்கம்மா கைக்கு ஒரு ரூம்ல மார்க்கு, பேச்சுக்கு இன்னொரு ரூம்ல மார்க்கா? ஒரே ரூம்ல உக்காந்து பாத்துட்டு அப்புறம் ஃபெயிலாக்குங்க."

தொல்லை தாங்காமல்தான் உட்கார்ந்தார்கள். அம்மாவும் நானும் பின்வரிசையில் இருந்தோம். விளக்கை அணைத்தார்கள், கைகள் திரைக்கு வந்தன. அக்கா தாளை எடுத்துப் படிக்கத் தொடங்கினாள்.

"படம் ஓடும்போது மாணவி பேசக்கூடாது. அது விதி" என்றார் சினிமாத் துறைத் தலைவர்.

அக்கா தாளைக் கீழே இறக்கினாள். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பக்கத்தில் நாற்காலி நகர்ந்தது. அம்மா எழுந்து நின்றிருந்தாள்.

"நான் மாணவி இல்லைங்க."

அப்புறம் திரையைப் பார்த்து, வீட்டில் பேசுகிற அதே குரலில் ஆரம்பித்தாள். "நாலு மூலையும் நேரா இருக்கணுமாம். படுத்து எந்திரிக்கிறவன் எவனாவது மூலையப் பாத்திருக்கானா? என் முதுகு வளையலாம், துணி வளையக்கூடாது. நல்லா இருக்குடா உங்க நியாயம்."

யாரும் தடுக்கவில்லை. அம்மாக்களைப் பற்றி விதி எதுவும் இல்லை போலிருக்கிறது. படம் முடிந்த பிறகும் வெறும் திரையிடம் அம்மா பேசிக்கொண்டிருந்தாள். சினிமாத்துறைக்காரர் விளக்குப் போட எழுந்தபோது, மாடிக்காரர் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

எல்லாம் ஓய்ந்ததும் மாடிக்காரர் தொண்டையைச் செருமினார். "இதுல எது இலக்கியம், எது சினிமா? நாங்க எப்படிப் பிரிக்கிறது?"

"நிதானமாப் பிரிங்க சார்" என்றாள் அக்கா. "எனக்குப் பட்டத்தக் குடுத்துட்டுப் பிரிங்க."

கொடுத்தார்கள்.