கரிசலில் நின்ற மில்லிங் மிஷின்

பழைய மிஷினைச் சரிசெய்கிற தொழிலில், ஓடினால் பேர் மிஷினுக்கு, நின்றால் பேச்சு நமக்கு. ஸ்பானர் பிடித்துக் கை காய்த்துப் போன என் இனத்தாருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இறக்கிய நாள்

அறுபதுகளின் கடைசி. அருப்புக்கோட்டையில் பாலவனத்தம் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகைதான் எங்கள் பட்டறை. முதலாளி தங்கவேலு நூல் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. கடையில் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்காரப் பிடிக்காமல் இரும்புக்கு வந்தவர். எங்கோ ஒரு மில்லில் கழித்துப் போட்ட மில்லிங் மிஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அதில் இரும்பு மேஜை முன்னும் பின்னும் நகரும். மேலே கட்டர் சுற்றிப் பல்சக்கரத்துக்குப் பல் வெட்டும். வந்த கோலத்தில் மேஜையும் நகரவில்லை, கட்டரும் சுற்றவில்லை.

கொட்டகை அண்ணனுடையது. சித்திரைக்குள் மிஷின் உருப்படியாக ஓட வேண்டும், இல்லாவிட்டால் கொட்டகை நூல் குடோனாகிவிடும் என்று கறாராகச் சொல்லியிருந்தார். ஆனாலும் அஸ்திவாரம் போட நல்ல நேரம் குறித்துக் கொடுத்தவரும் அவர்தான். குழி பாதி வெட்டியிருக்கும்போதே அந்த நேரம் வந்துவிட்டது. தாண்டவிட யாருக்கும் மனசில்லை. வெட்டியது போதும் என்று கான்கிரீட்டைக் கொட்டினோம். வேடிக்கை பார்க்க வந்த பழைய இரும்பு வியாபாரி, மிஷினை ஒரு சுற்று சுற்றி வந்து என்னிடம் சொன்னார்: "நான் இந்தப் பக்கம் அடிக்கடி வாரவன்தான் மேஸ்திரி. முடியலைன்னா ஒரு வார்த்தை சொல்லி விடுங்க."

எலுமிச்சம்பழம்

துருவை எடுத்த பிறகு, மேஜையை மட்டமாக்கும் வேலை. மட்டப் பலகையில் நீலச் சாயம் தடவி மேஜை மேல் தேய்த்து, நீலம் ஒட்டிய மேட்டை மட்டும் சுரண்டி, மறுபடி நீலம் தடவ வேண்டும். மாதக்கணக்கில் இதே பாடு. ஆயுத பூஜைக்குள் மேஜை எங்கும் ஒரே மட்டமாக வந்துவிட்டது. சாப்பிடப் போகாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

பூஜையன்று முதலாளி எலுமிச்சம்பழத்தை நறுக்கி, குங்குமம் தொட்டு, அந்த மேஜையின் மூலைக்கு ஒன்றாகக் கவிழ்த்து வைத்தார். மறுபூஜை முடியாமல் எதையும் தொடக்கூடாது. மறுநாள் பழத்தை எடுத்தால், மூலைக்கு மூலை வட்டமாகத் துரு. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. முதலாளி குனிந்து பார்த்துவிட்டு அமைதியாகச் சொன்னார்: "சாமி உக்காந்த தடம் மேஸ்திரி. சுரண்டிறாதீக."

திரும்பி வந்த சக்கரம்

மழைக்காலம் முழுக்க மிஷின் சொன்ன பேச்சைக் கேட்டது. மல்லாங்கிணறு, காரியாபட்டியிலிருந்தெல்லாம் வேலை வந்தது. எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது. பங்குனியில் திருச்சுழிப் பக்கமிருந்து ராக்கம்மா வந்தார். புருஷன் காலமாகி, மிளகாய்க் காட்டைத் தனியாகப் பார்ப்பவர். கிணற்று இன்ஜினில் பல்சக்கரம் தேய்ந்து, தண்ணீர் இறைக்க வழியில்லாமல் செடி வாடிக்கொண்டிருந்தது. அன்றைக்கே புதுச் சக்கரம் வெட்டிக் கொடுத்தேன்.

மறுநாளே அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். ஒவ்வொரு பல்லும் ஒரு ஓரம் பருத்து, மறு ஓரம் மெலிந்திருந்தது. கட்டரை மாற்றினேன்; மேஜையைக் கழற்றி மாட்டினேன். அடுத்து வெட்டியதும் அதே லட்சணம். முதலாளி சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ராக்கம்மா சொன்னார்: "இன்ஜினு கத்துற கத்துல காட்டுல ஆடு நிக்க மாட்டேங்குது. ஒங்க மிஷினுக்குக் கண்ணு தெரியலையோ?"

சோப்புத் தண்ணீர்

பல் வெட்டும்போது சூடு தணிய மேஜை மேல் சோப்புத் தண்ணீர் ஊற்றுவோம். கார்த்திகையில் அது பரவலாக நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இப்போது வாசல் பக்க மூலைக்கு ஓடித் தேங்கியது. கீழே குனிந்தேன். அந்த மூலையை ஒட்டித் தரை வெடித்திருந்தது. ஸ்க்ரூ டிரைவரை விட்டால் பிடிவரை இறங்கியது.

கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் பிளக்கும். வீடு கட்டுகிறவர்கள் கருமண் தீரும் வரை தோண்டிச் சரளை கொட்டுவது எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாததல்ல. நாங்கள் நல்ல நேரத்துக்குப் பயந்து பாதியில் நிறுத்திவிட்டோம். தரை இறங்க, போல்ட் போட்டு இறுக்கியிருந்த மிஷினும் கூடவே முறுக்கிக்கொண்டது. போல்ட்டைத் தளர்த்தி, இறங்கிய மூலைக்குத் தகடு கொடுத்து, மட்டம் பிடித்து, ராக்கம்மா காத்திருக்கும்போதே இன்னொரு சக்கரம் வெட்டினேன். பல் இரண்டு ஓரமும் ஒன்றாக இருந்தது. அவர் வாங்கித் துண்டில் முடிந்துகொண்டார். "இதுவும் சரியில்லைன்னா நான் திரும்பி வர மாட்டேன் மேஸ்திரி. அதுக்குள்ள செடி காஞ்சிரும், வந்து என்ன செய்ய?"

சித்திரை

அதன் பிறகு ஒவ்வொரு திருச்சுழி பஸ்ஸையும் பார்த்தேன். அவர் வரவில்லை. சக்கரம் ஓடுகிறதா, செடி காய்ந்துவிட்டதா என்று யாரிடம் கேட்பது? சித்திரை பிறந்து, சக்கரம் திரும்பி வந்த கதையைக் கேள்விப்பட்டு, கொட்டகையை அளக்கப் பெரியவர் கயிற்றோடு வந்தார். முதலாளியின் அண்ணனைத்தான் சொல்கிறேன். கூடவே இரும்பு வியாபாரி. கயிற்றின் மறுமுனையை முதலாளியே பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்து ராக்கம்மா துண்டு மூட்டையோடு உள்ளே வந்தார். நான் ஓடிப்போய் மூட்டையைப் பிரித்தேன்.

மூட்டைக்குள் இருந்தது நாங்கள் வெட்டியதல்ல, வேறொரு தேய்ந்த சக்கரம். "இது பக்கத்துக் காட்டுக்காரவுகளுது" என்றார். "ஒங்க இன்ஜினு எப்படி ஓடுது?" என்று கேட்டேன். "சத்தமே கேக்கலை. நின்னுபோச்சோன்னு கெணத்துக்கு நடந்து நடந்து காலுதான் வலிக்குது."

பெரியவர் குனிந்து மிஷின் மூலையில் இருந்த தரை வெடிப்பைப் பார்த்தார். பிறகு கயிற்றைச் சுருட்டிக்கொண்டே தம்பியிடம் சொன்னார்: "இந்தத் தடவை குழியை முழுசா வெட்டு. நல்ல நேரம் நான் பாக்கலை."

கருமண் தீரும் வரை வெட்டி மறுபடி இறக்கிய பிறகு மிஷின் அசையவே இல்லை. மாதக்கணக்கில் இரும்பைச் சுரண்டிய எனக்குக் கடைசியில் மண்வெட்டிதான் சோறு போட்டது என்பதை, மேஜை மூலையில் உட்கார்ந்த சாமி முதலிலேயே சொல்லியிருக்கலாம்.