பாஸ்போர்ட்டை வாங்கிட்டு வாங்க

என் கணவர் கார்ட்டூமில் செத்துப்போனார். சூடான் நாட்டுத் தலைநகரம். ஓசூரில் என்னோடு வேலை செய்கிற பெண்களில் பாதிப் பேருக்கு அந்தப் பெயர் வாயில் நுழையாது. "துபாய்லதான உங்க வீட்டுக்காரரு?" என்று இன்னும் கேட்கிறார்கள். திருத்தித் திருத்தி அலுத்துப்போய், இப்போதெல்லாம் ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.

பர்கூரில் கிரானைட் பாலிஷ் மெஷின்களைப் பழுது பார்த்தவர். அதே வேலைக்குத்தான் அங்கே ஒரு கல் அறுக்கும் கம்பெனிக்குப் போனார். மறுவருஷமே அந்த நகரத்துக்காக இரண்டு படைகள் அடித்துக்கொள்ள ஆரம்பித்தன. ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒருத்தன், அந்தப் பக்கம் ஒருத்தன், நடுவில் ஜனங்கள். ரொட்டி வாங்கப் போனவர்கள் திரும்பி வரவில்லை என்று ஒருநாள் போனில் சொன்னார். பக்கத்து வீட்டு டீச்சர் தன் மகளைக் கட்டிலுக்கு அடியில் படுக்கவைத்துப் பாடம் சொல்லிக்கொடுப்பதாக இன்னொரு நாள் சொன்னார். நம் டிவியில் அதைப் பற்றி அடியில் ஒரு வரி ஓடியது. மேலே நகைக்கடை விளம்பரம். ரிமோட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தேன்.

நம் நாட்டுக்காரர்களை ஏற்றிப்போக பஸ் வந்த அன்று எனக்குக் காலை ஷிஃப்ட். எங்கள் கம்பெனியில் போன் லாக்கரில்தான் இருக்க வேண்டும். டீ பிரேக் பத்து நிமிஷம். எடுத்துப் பார்த்தால் ஏழு மிஸ்டு கால். உடனே கூப்பிட்டேன்.

"பஸ்ஸு வந்து நிக்குது. துறைமுகம் வரைக்கும் போயி, அங்கிருந்து கப்பலாம். ஆனா பாஸ்போர்ட்டு கம்பெனி ஆபீஸ்ல கெடக்குது, பாலத்துக்கு அந்தாண்ட. இவங்கல்லாம் அப்படியே ஏறுறாங்க. நான் ஏறட்டுமா?"

பதினோரு வருஷமாகக் கம்பெனி வேலை பார்ப்பவள் நான். கேட் பாஸில் சூப்பர்வைசர் கையெழுத்து இல்லையென்றால், வீட்டில் இழவு விழுந்தாலும் செக்யூரிட்டி வெளியே விடமாட்டான். என் பாழாய்ப்போன புத்தி அந்த கேட்டைத் தாண்டவில்லை.

"பாஸ்போர்ட் இல்லாம எவன் கப்பல்ல ஏத்துவான்? போயி வாங்கிட்டு அடுத்த பஸ்ல வாங்க."

"சரி" என்றார். பிரேக் முடிகிற சைரன் அடித்தது. போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு லைனுக்குப் போனேன்.

பாஸ்போர்ட் இல்லாமல் ஏறியவர்களுக்குத் துறைமுகத்தில் ஒரு தாளில் போட்டோ ஒட்டிக் கொடுத்தார்களாம். அதை வைத்தே அத்தனை பேரும் ஊர் வந்து சேர்ந்தார்கள். இவர் போன ஆபீஸ் தெருவில் குண்டு விழுந்தது. இடுகாடு வரை தூக்கிப்போக முடியாத நாட்கள் அவை. முகம் தெரியாத ஒரு குடும்பம் தங்கள் வீட்டு முற்றத்திலேயே அவரை அடக்கம் செய்தது. அவர்கள் வீட்டிலும் அன்று ஒரு சாவு. இரண்டு மண்மேடுகள் தெரிகிற ஒரு போட்டோ எனக்கு வந்தது. எது இவருடையது என்று அதில் இல்லை. அந்தக் குடும்பம் இப்போது உயிரோடு இருக்கிறதா என்றும் தெரியாது.

அங்கே அவரோடு வேலை செய்த சிங்காரப்பேட்டைக்காரர் ஒருவர் ஊர் திரும்பியதும் எங்களைப் பார்க்கக் கிருஷ்ணகிரி வீட்டுக்கு வந்தார். "எவ்வளவோ சொன்னோம் அண்ணி. பாஸ்போர்ட்டு இல்லாம வரமாட்டேன்னு ஒரே பிடிவாதம்."

நான் சொல்லித்தான் பாஸ்போர்ட் எடுக்கப் போவதாக அவர் ஒருத்தரிடமும் சொல்லியிருக்கவில்லை. என் மாமியார் மூக்கைச் சிந்தியபடி, "அப்படியே அவங்கப்பன். யாரு பேச்சத்தான் கேட்டான்?" என்றார். காபி போடுகிற சாக்கில் நான் உள்ளே போய்விட்டேன். அப்புறம் துக்கம் கேட்க வந்தவர்கள், சர்ச்சில் பார்க்கிறவர்கள், எல்லோரும் அதையே சொன்னார்கள். வாயை மூடிக்கொண்டு கேட்டேன். வெட்கம் கெட்டவள்.

போன கல்லறைத் திருநாளில், மாமனாரின் கல்லறை மேலேயே இவருக்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினோம். அத்தை அதைப் பார்த்துத் திட்டினார்: "வாசல்ல பஸ்ஸு நிக்கும்போது ஏறித் தொலையாம போனியேடா, பிடிவாதம் புடிச்சவனே."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "அவர திட்டாதீங்க அத்தை. ஏறட்டுமான்னு எங்கிட்டதான் கேட்டாரு. நான்தான் பாஸ்போர்ட்ட வாங்கிட்டு வாங்கன்னேன்."

அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அத்தை நான் நீட்டிய கையைப் பிடிக்கவில்லை. தரையில் கையூன்றித் தானாகவே எழுந்தார். வீட்டுக்கு வந்து புடவைகளை மடித்துப் பையில் வைத்தார். மத்தூரில் மகள் வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். பஸ் ஸ்டாண்ட் வரை நான் பின்னாலேயே போனேன்.

ஜன்னல் ஓரம் உட்கார்ந்த பிறகுதான் கேட்டார். "நீ சொன்னதுக்கு அவன் என்ன சொன்னான்?"

"சரின்னாரு."

கண்டக்டர் விசில் அடித்தார். அத்தை முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"சொன்னா கேக்கற புள்ளதான்" என்றார், என்னைப் பார்க்காமல்.