அஞ்சு தட்டு

வருவாய்த்துறையில் இருபத்தைந்து வருடம் விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பிச் சம்பளம் வாங்கியவள் நான். விருப்ப ஓய்வு பெற்ற பிறகும், யாராவது ஒரு படிவத்தை நீட்டினால் கண் முதலில் போவது விடுபட்ட இடத்துக்குத்தான். ஆகவே அனுபவத்தில் சொல்கிறேன்: விளங்காத காரணம் எழுதி மனுவைத் திருப்புவதில் எந்தத் தாசில்தாரும் ஒரு கம்ப்யூட்டருக்கு ஈடாகமாட்டார். அதை நான் பதினோரு வயதில், கள்ளக்குறிச்சியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் கண்டேன்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருடம் அது. சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். மெட்ராஸில் இன்ஜினியரிங் படித்த அக்கா, காலேஜுக்கு லீவு விட்டதும் கிளம்பி, தியாகதுருகம் வரை லாரியில் வந்து மீதியை நடந்தாள். கையில் ஓர் எவர்சில்வர் சம்புடம். சாய்த்துப் போட்ட புளியமரத்தின்மேல் உட்கார்ந்திருந்தவர்கள் பசியில் இருந்திருக்கிறார்கள். சம்புடத்தைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே சதுரமாக, மெலிதாக, கறுப்பாக ஐந்து கம்ப்யூட்டர் பிளாப்பிகள்.

"இன்னாம்மா இது, அப்பளமா?"

"படிப்புண்ணா."

நம்பாத ஒருவர், ஒன்றின் திறந்த வாயில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தாராம், நமத்துப் போயிருக்கிறதா என்று. பிறகு அவர்களே அவளைக் கைப்பிடித்து மரத்தைத் தாண்டி விட்டார்கள்.

அந்தப் பிளாப்பிகளில் இருந்தது ஒரு கம்பைலரின் மூலநிரல், அதாவது அதை உருவாக்க எழுதிய வரிகள். கம்பைலர் என்றால், மனிதர் எழுதுவதை எந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தருகிற கருவி. விலை கிடையாது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். ஆனால் ஆயத்தமாக வராது; விதை மாதிரி, ஏற்கெனவே ஓடுகிற ஒரு சின்ன நிரலை மட்டும் கூடவே கொடுத்திருப்பார்கள், அதை வைத்து அவரவர் எந்திரத்துக்கு ஏற்றபடி அவரவரே கட்டிக்கொள்ள வேண்டும்.

அக்காவுக்கு வேறு வழியில்லை. காலேஜ் கம்ப்யூட்டரில் உட்கார ஒரு பட்டியல் உண்டு; அதில் அவள் பெயர் எப்போதும் கடைசி. கோட்டாவில் வந்தவர்களுக்கு மெஷின் கொடுத்தால் மெஷினுக்குத்தான் கேடு என்று லெக்சரர் வகுப்பிலேயே சொல்லியிருந்தார். காலேஜ் திறக்கும் நாளில் அவள் ப்ராஜெக்ட் ஓடிக் காட்ட வேண்டும்; அது ஓட ஒரு கம்பைலர் வேண்டும். ஓடாவிட்டால் அந்த வருடம் போயிற்று. இன்னொரு வருடம் படிக்கவைக்க அப்பாவால் ஆகாது.

எங்கள் ஊரில் அப்போது எனக்குத் தெரிந்த ஒரே கம்ப்யூட்டர் அந்த இன்ஸ்டிடியூட்டில் துணி போர்த்தி உட்கார்ந்திருந்தது. அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அவளுக்கு டைப்பிங் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் பிளாப்பிகளைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"சும்மா குடுக்கறான்னா சரக்குல இன்னாமோ கொறை இருக்குது."

"எனக்கும் சும்மாதான் சீட்டு குடுத்தாங்கன்றாங்க மாஸ்டர். கொறை தெரியுதா?"

மாஸ்டர் கம்ப்யூட்டர் மேலிருந்த துணியை எடுத்தார்.

முதலில் ஒரு கோப்பில் கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டியிருந்தது. எந்திரம் என்ன ரகம், நினைவகம் எவ்வளவு, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது. இல்லாததை இருக்கிறது என்று எழுதினால் பாதியில் காலை வாரிவிடும். வருமானச் சான்றிதழுக்கு அப்படி ஒரு ஏற்பாடு இருந்தால் எங்கள் துறையில் பாதி வேலை குறைந்திருக்கும்.

கட்டைவிரல் பட்ட பிளாப்பியை மட்டும் எந்திரம் படிக்க மறுத்தது. எதை முதலில் கட்டுவது, எதை அடுத்துக் கட்டுவது என்று சொல்லும் பட்டியல் அதில்தான் இருந்தது. நல்லவேளை, அதன் அச்சுப்பிரதி அக்காவின் பையில் இருந்தது. நான் எழுத்தெழுத்தாக வாசிக்க அவள் அடித்தாள். கட்டச் சொன்னதும் எந்திரம் திருப்பிவிட்டது: ஐந்தாவது வரியில் பிரிப்பான் இல்லை, நிறுத்தப்பட்டது.

மூன்று நாள் அதே பதில். அச்சிலும் திரையிலும் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. அக்கா முழுப் பட்டியலையும் இரண்டு முறை அழித்து அடித்தாள். விட்டுவிடலாம் என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. நாலாம் நாள் மாஸ்டர் அவள் பின்னால் வந்து நின்று விரல்களைக் கவனித்தார்.

"வரி ஆரம்பத்துல இன்னா தட்டின?"

"எடம் வுட்டேன் மாஸ்டர். அஞ்சு தட்டு."

"டேப் போட்டுத்தான் பாரேன்."

"நீங்கதான டேப்பத் தொட்டா வெரல் மேல ஸ்கேல வெப்பீங்க?"

"அது லோயர் பரீட்சை பாஸ் பண்றவங்களுக்கு. நீதான் இன்ஜினியரு ஆயிட்டியே."

பாராவைத் தொடங்க ஸ்பேஸ் பாரை ஐந்து முறை தட்ட வேண்டும், ஒரே தட்டில் மொத்த இடத்தையும் விடுகிற டேப் சோம்பேறிகளுக்கு என்பது அந்த இன்ஸ்டிடியூட்டின் சட்டம். அக்காவின் கை அதை மறக்கவே இல்லை. ஐந்து தட்டை அழித்து ஒரு டேப் போட்டாள். ஐந்தாவது வரி தாண்டியது.

எனக்கு ஆறவில்லை. ரெண்டும் வெறும் இடம்தானே என்று கேட்டேன்.

"பாக்கறதுக்கு அப்டித்தான். அது நானா தட்டிக்கினது, இது ஒதுக்கின எடம். ஒதுக்கினாத்தான் மெஷின் ஒத்துக்கும்."

அன்று தெருவில் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. இடம் ஒதுக்கச் சொல்லித்தான் கத்தினார்கள். ஓடிப்போய் அவர்களிடம் டேப் விசையைப் பற்றிச் சொல்லலாமா என்று நான் நிஜமாகவே யோசித்தேன்.

சாயங்காலத்துக்குள் கம்பைலர் கட்டி முடிந்தது. அதைக் கொண்டு அக்காவின் ப்ராஜெக்ட்டும் ஓடியது. மாஸ்டர் டீ சொல்லியனுப்பினார். டீ வருவதற்குள் அக்கா மூலநிரலை மட்டும் விட்டுவிட்டுக் கட்டியதையெல்லாம் அழித்தாள். மறுபடி கட்டினாள். ஓடியது. மறுபடி அழித்தாள். அச்சுப்பிரதி இனி வேண்டாம் என்று மடித்து என் மடியில் போட்டுவிட்டு, எத்தனை நிமிஷம் ஆகிறதென்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அதான் வந்துடுச்சே. எதுக்கு அழிக்கற?"

"காலேஜ்ல கேப்பாங்க, எவன் கட்டிக் குடுத்தான்னு. அவுங்க எதிர்ல அழிச்சிட்டு அவுங்க எதிர்லயே கட்டணும்."

கேட்கவும் செய்தார்கள். அவள் அழித்து, கட்டி, அந்த வருடத்தைத் தக்கவைத்துக்கொண்டாள். அது பிறகு நடந்தது. அன்றைக்கு அவள் கட்டி முடித்ததும் நான் கடிகாரத்தைப் பார்த்து நாற்பது நிமிஷம் என்றேன். அவள் நாலாவது தடவை கட்டுவதற்காக அழிக்கத் தொடங்கினாள். ஒருவருக்கே நாற்பது நிமிஷம் என்றால், வகுப்பிலிருக்கும் அத்தனை பேரையும் இப்படி அழித்துக் கட்டச் சொல்லிவிட்டு அந்த லெக்சரர் எத்தனை மணிக்குத்தான் வீட்டுக்குப் போவார் என்று நினைக்க, எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது.