எனக்கு விறகு பிளக்கத் தெரியாது

தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரருக்கு இருதயம் கெட்டுப்போய்விட்டது, ஒரு வருஷம் தாண்டினால் பெரிசு என்று சொல்லி அனுப்பினார்கள். வேறொருவராக இருந்தால் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பார். இந்த மனுஷன் எஸ்டேட் லோரியை விட்டு இறங்கியதும் விஷயத்தைச் சொல்லிவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒனக்கு ஒண்ணுமே தெரியாதே புள்ள. நான் போயிட்டா தனியா என்னா பண்ணுவே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "டாக்டரு என்னா கடவுளா? வாயை மூடிக்கிட்டு நடங்க" என்றேன்.

மறுநாளே பாடம் ஆரம்பித்துவிட்டார். தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டும் வேலையிலிருந்து அவரை நிறுத்தியாகிவிட்டது. பகலெல்லாம் வீட்டில் உட்கார்ந்து யோசித்து வைப்பார். நான் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, இடுப்பு ஒடிய வந்து நின்றால் போதும், கூரைத் தகரத்துக்கு ஆணி அடி, கணக்கெழுதும் கிராணியிடம் எப்படிப் பேசுவாய் பேசிக் காட்டு என்பார். மலாயாவில் வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டிருந்த நேரம் அது. நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகள், அந்த லயத்தைச் சுற்றி முள்வேலி. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமென்று ஒரு பிடி அரிசிகூட வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். கேட்டில் கூடையைச் சோதிக்கும் காவல்காரனிடம் மலாயில் பதில் சொல்வதும் என் பாடத்தில் ஒன்று.

முனகிக்கொண்டே எல்லாம் செய்தேன், விறகு பிளப்பதைத் தவிர. கோடாலியைத் தூக்கி வேண்டுமென்றே கட்டைக்கு அந்தப் பக்கம் போடுவேன். "அப்படி இல்ல புள்ள, காலை அகட்டி நில்லுலா!" என்று தலையில் அடித்துக்கொள்வார். நான் கல்யாணத்துக்கு முன்பே என் அம்மா வீட்டில் விறகு பிளந்தவள். தாலி கட்டியதிலிருந்து என்னைக் கோடாலி தொடவிடாததால் அவருக்கு அது தெரியாது. எல்லாம் கற்றுக்கொண்டேன் என்று தெரிந்தால் மனுஷன் நிம்மதியாகக் கிளம்பிவிடுவாரோ என்று எனக்குப் பயம். பைத்தியக்காரத்தனம்தான், இருக்கட்டுமே.

ஒருநாள் பக்கத்து ஊரான கம்போங் ராஜா பக்கம் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. உடனே ஊரடங்கு போட்டுவிட்டார்கள். வேலை கிடையாது, லயத்தை விட்டு யாரும் நகரக் கூடாது. மழை வேறு. மத்தியானத்துக்குள் அடுப்பு அணைந்துவிட்டது. மிச்சம் இருந்ததெல்லாம் பிளக்காத தேயிலைத் தூர்கள். குளிரில் அவருக்கு உதடு நீலம் பாரித்தது. நான் அரிசிப் பானையைக் கழுவிவிட்டுத் திரும்பினால், வீங்கிய காலோடு எழுந்து கோடாலியைக் கையில் எடுத்திருக்கிறார்.

"வைங்க கீழே!" என்று பிடுங்கினேன். ஒரே போடு. தூர் இரண்டாகப் பிளந்தது. இன்னொன்று. அதுவும் பிளந்தது. கோபத்தில் நிறுத்தத் தோன்றவில்லை.

"அடிப்பாவி!" என்றார். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. "எதுக்குடி இத்தனை நாளா நடிச்சே?"

சுள்ளென்று ஏதாவது சொல்லலாமென்று வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. "எல்லாம் தெரிஞ்சுக்கிட்டா நீங்க போயிடுவீங்கல்ல?"

அவர் என் கையிலிருந்த கோடாலியை வாங்கி மூலையில் சாய்த்தார்.

"சரி, பாடம் முடிஞ்சிருச்சு. வா, சும்மா ஒக்காந்திருப்போம்லா."

அடுப்பை மூட்டி, அதன் முன்னால் ஒரே கம்பளிக்குள் உட்கார்ந்தோம். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் பகல் வெளிச்சத்தில் நாங்கள் இப்படி உட்கார்ந்ததே இல்லை. முதன்முதலில் பார்த்தபோது என்ன நினைத்தாய் என்று கேட்டார். காது இவ்வளவு பெரிசா இருக்கேன்னு நெனச்சேன் என்றேன். அதற்கும் சிரித்தார். இருட்டும்வரை பேசினோம்.

வெளியே லயம் முழுக்க ஒரே புலம்பல். கூலி போச்சு, எப்போது கேட்டைத் திறப்பார்கள் என்று எல்லாரும் சாமியை வேண்டிக்கொண்டிருந்தார்கள். ஊரடங்கை இன்னும் ஒரு நாள் நீட்டிவிடு என்று வேண்டியவள் அந்த எஸ்டேட்டிலேயே நான் ஒருத்திதான்.